அம்மாவின் காதில் வேப்பங்குச்சி: அது விசுவாசமா, பயமா?

காவேரிமகள் (மயிலாடுதுறை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா நடவு ஆள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பது கஷ்டம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் கீற்றுக் கொட்டகையில் கூடிக்கொண்டிருந்த சின்ன சபையிலிருந்து நான்கு பேர் வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜெபித்தார்கள். அப்பா எழுந்துவிட்டார். அம்மா அந்த மாதமே ஞானஸ்நானம் எடுத்தார். பொட்டு, பூ, நகை எல்லாம் விட வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் இருந்த நகை ஒரே ஒரு ஜோடி தோடு, அதுவும் பாட்டி போட்டது. சந்தோஷமாகத்தான் கழற்றினார். யாரும் கட்டாயப்படுத்தியதாக அன்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் காது தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைக் கிள்ளித் துளையில் செருகிக்கொண்டார். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் செய்வதுதான். சபையில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "துளையை ஏன் காப்பாத்தி வெச்சிருக்கீங்க? திரும்பிப் போறதுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அம்மாவை விடவே இல்லை.

பிறகு மாமா மகள் கல்யாணத்தில், பாட்டி அழுதாரே என்று, ஒரே ஒரு நாள் அந்தத் தோட்டைப் போட்டார். போட்டோவில் வந்துவிட்டது. ஆறு மாதம் கர்த்தருடைய பந்தியில், அதாவது இயேசுவை நினைத்து அப்பம் பகிரும்போது, கை நீட்டக் கூடாது என்றார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு கைமாறி வரும். அம்மா பாயில் உட்கார்ந்திருப்பார். தட்டு அவர் தலைக்கு மேலாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் ஒரு ஞாயிறு கூட அவர் போகாமல் இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா காலமானார். கடைசியில் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "காதுல இருக்குற குச்சிய எடுத்துடு. ஆண்டவர் முன்னாடி இதோட போக வேணாம்" என்றார். எடுத்தேன். ஒரு அரிசி நீளம்கூட இல்லை.

நான் இப்போது வேறு சபைக்குப் போகிறேன். போன வாரம் என் மகள், பதின்மூன்று வயது, வாசலில் பூக்காரம்மாவிடம் முல்லை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "பூ வெச்சா இயேசுவுக்குக் கோபம் வருமாம்மா?" என்று கேட்டாள். வராது என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அம்மாவின் காது கண் முன்னால் வந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். முப்பது வருடம் அம்மாவிடம் இருந்தது விசுவாசமா, பயமா? வெறும் வசன எண்களை மட்டும் அனுப்பாதீர்கள். யோசித்து எழுதுங்கள்.

பொறையார் வாத்தியார் எழுதியது:

அம்மாடி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பிறந்தது முதல் லுத்தரன் சபை. வசனம் வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, வெறும் எண்கள் வேண்டாம் என்றாய். அதனால் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நகை கூடாது என்பவர்கள் எடுத்துக்காட்டுவது பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம். மயிரைப் பின்னுவது, பொன்னாபரணம், "உயர்ந்த வஸ்திரங்களை" உடுத்துவது, இவை உங்கள் அலங்காரமாக இருக்க வேண்டாம் என்கிறார். சரி. இப்போது லூக்கா பதினைந்தில் இயேசு சொன்ன கதைக்கு வா. சொத்தையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த நாற்றத்தோடு மகன் திரும்பி வருகிறான். தகப்பன் என்ன சொல்கிறார்? "உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவந்து, இவனுக்கு உடுத்தி, இவன் கைக்கு மோதிரத்தையும்" போடுங்கள் என்கிறார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் அதே "உயர்ந்த வஸ்திரம்" வருவதைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். பேதுரு வேண்டாம் என்ற அதே துணியை இங்கே தகப்பன் தானே கொண்டுவரச் சொல்கிறார், மோதிரமும் சேர்த்து. அப்படியானால் பிரச்சினை துணியிலும் பொன்னிலும் இல்லை. தன்னைக் காட்டிக்கொள்ள ஒருத்தி போட்டுக்கொள்வதும், நீ என் பிள்ளைதான் என்று தகப்பன் போட்டுவிடுவதும் ஒன்றா?

அந்த மகன் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சைக் கவனி. "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று கேட்கத்தான் வந்தான். தகப்பன் அந்த வாக்கியம் வரைக்கும் அவனைப் பேசவே விடவில்லை.

உன் அம்மா விஷயத்தில் என் மனதில் பட்டது: விசுவாசம் அவருடையது. பயம் வெளியிலிருந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது. தலைக்கு மேல் தட்டு போகும் இடத்தில் ஆறு மாதமும் வந்து உட்கார்ந்தார் என்றாயே. பயம் மட்டும் இருக்கிறவர் இரண்டாம் மாதமே நின்றிருப்பார்.

ஒரு சாட்சி (மன்னார்குடி) எழுதியது:

ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்கள் வேதனையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நான் கட்டுப்பாடான பெந்தெகொஸ்தே சபைதான். எங்கள் அப்பா பட்டைச் சாராயம் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். சம்பளம் வாங்கிய அன்றே காலி. சபைக்கு வந்தபோது யாரும் அவரிடம் "அன்பாக இருங்கள், அது போதும்" என்று சொல்லவில்லை. குடிக்காதே, கடைப்பக்கம் போகாதே, சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே வந்து உட்கார் என்றார்கள். அந்த மூன்று சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது. இன்று நான் பட்டம் வாங்கி வேலையில் இருப்பது அதனால்தான். சட்டத்தைக் கேவலமாகப் பேசினால் எனக்கு வலிக்கும்.

நகை விஷயமும் அப்படித்தான். எங்கள் அம்மாவிடம் கழற்ற ஒன்றுமே இல்லை, மஞ்சள் கயிறு மட்டும்தான். ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு பின்னால் நிற்பார். சபையில் மிராசுதார் வீட்டுப் பெண்ணும் வெறும் கழுத்து, அம்மாவும் வெறும் கழுத்து. எல்லோருக்கும் வெள்ளைப் புடவை, ஒரே பாய். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முன்வரிசையில் உட்கார்ந்தது அங்கேதான். அதைச் சட்டவாதம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

கும்பகோணம் மாணவன் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. எனக்கும் ஒரு சந்தேகம். எல்லாம் கிருபை, கடவுள் இலவசமாகத் தருவது என்றால், எப்படி வேண்டுமானாலும் வாழ்ந்துவிட்டுக் கடைசியில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று ஆகிவிடாதா? என் ஹாஸ்டலில் இரண்டு பேர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

கடைமடை விவசாயி (திருத்துறைப்பூண்டி பக்கம்) எழுதியது:

தம்பி, உன் கேள்வியைப் பவுலே ரோமர் ஆறில் கேட்டு, "கூடாதே" என்று பதிலும் சொல்லிவிட்டார். அதை நீயே படித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள். அங்கிருந்து பிரிந்து பிரிந்து எங்கள் கடைமடைக்கு எப்போது வரும் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது. நாங்கள் முன்கூட்டியே வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு, தூர் எடுத்து, மடை கட்டி வைப்போம். நாங்கள் மண்வெட்டி பிடித்ததால் தண்ணீர் பிறந்ததா? இல்லை. குடகில் மழை பெய்தது, வந்தது. ஆனால் தண்ணீர் வருகிறது என்று நம்புகிறவன்தான் வெயிலில் இறங்கி வாய்க்கால் வெட்டுவான். எப்படியும் வந்துவிடும் என்று திண்ணையில் படுத்திருப்பவன் அதை நம்புகிறவனே இல்லை. உன் ஹாஸ்டல் நண்பர்களிடம் இதைச் சொல்.

இன்னொன்றும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. காவேரிமகள் நடவு ஆள் வீட்டுப் பிள்ளை என்பதால் அவருக்குச் சட்டென்று புரியும்.

நான் கல்லூரி முடித்த வருடம் தண்ணீர் தாமதமாக வந்து, ஊரில் எல்லா வயலும் ஒரே வாரத்தில் நடவுக்கு வந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. எங்கள் வயலில் காலை ஏழு மணிக்குப் பதினான்கு பேர் இறங்கினார்கள். நான் ஆறு மணியிலிருந்தே நாற்று முடிச்சுகளைத் தூக்கி வரப்பு வரப்பாக வீசிக்கொண்டிருந்தேன். பொழுதுக்குள் முடியாது என்று தெரிந்ததும் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு போய், மதியம் ஒரு மணிக்கு மேல் அடுத்த ஊரிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி வந்தார். அவர்கள் விடிகாலையிலிருந்து வேறொருவர் வயலுக்காகக் காத்திருந்தவர்கள். அந்த ஆள் நாற்று இல்லை என்று கைவிரித்துவிட்டார். சோற்று வாளி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினார்கள்.

சாயங்காலம் கூலி. அப்பா மதியம் வந்த ஐந்து பேருக்கும் முழுக் கூலியே கொடுத்தார். அவ்வளவுதான், களத்துமேட்டில் பெரிய சண்டை. "நாங்க முதுகு ஒடிய குனிஞ்சோம், இவங்க நாலு வரிசை நட்டாங்க" என்று சத்தம். உண்மையைச் சொல்கிறேன், மற்றவர்களைவிட எனக்குத்தான் அதிகக் கோபம். அப்பா முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அவங்க வீட்லயும் அஞ்சு அடுப்பு இருக்குல்ல."

நான் சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தது மத்தேயு இருபது. திராட்சத்தோட்டத்துக்காரர் கடைசி மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு பணம் கொடுத்த கதை. அதை அழகான கதை என்றுதான் நினைத்திருந்தேன். நம் பையிலிருந்து கூலி போகும்போதுதான் அது எவ்வளவு கோபம் வரவைக்கும் கதை என்று தெரிந்தது. அப்பாவுக்கு நல்ல பெயரும் கிடைக்கவில்லை. காலையில் வந்தவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு எங்கள் வயலில் கால் வைக்கவே இல்லை. கிருபை என்றால் எல்லோரும் கண் கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று பிரசங்கத்தில் சொல்வது எனக்கு ஒத்துவராது. நியாயம் பார்க்கிறவனுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

வேளாங்கண்ணிச் சாலை எழுதியது:

கடைமடை அண்ணன் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கத்தோலிக்கச் சபை. வருடா வருடம் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டு வழியாகக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுப்போம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கூட்டம் ஓயாது. எங்களைப் பார்த்து, நீங்கள் நேர்ச்சை, மொட்டை, மெழுகுவர்த்தி என்று கடவுளோடு வியாபாரம் செய்கிறீர்கள் என்று பலர் சொல்வார்கள். சில சமயம் அது உண்மைதான். இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்று பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் அத்தை, அறுபத்தெட்டு வயது, பேராலயத்துக்கு வெளியே அந்த மணல் பாதையில் முழங்காலில் போவார். முட்டி ஏற்கெனவே தேய்ந்தது. ஒரு தடவை கோபமாகவே கேட்டேன், "எதுக்கு அத்தை இந்தத் தண்டனை? மாதா உன்கிட்ட கேட்டாங்களா?" என்று. "கேக்கலடி. கேக்காமலே பேரனைக் குடுத்தாங்க. அந்தச் சந்தோஷத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். அன்றிலிருந்து வெளியில் பார்த்து இது சட்டம், இது அன்பு என்று பிரிப்பதில் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. அதே மணலில் இரண்டு பேர் முழங்காலில் போவார்கள், ஒருத்தர் கடன் கட்டப் போவார், இன்னொருத்தர் நன்றி சொல்லப் போவார்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உங்கள் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் எங்கள் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அவர் தரும் தூய ஆவி நம்மை நற்செயலுக்கு அழைக்கிறார் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நம் இரண்டு சபைகளையும் பிரித்த, லூதர் ஆரம்பித்து வைத்த சண்டைக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்து இந்த வாக்கியம். எங்கள் அத்தைக்கு ஆக்ஸ்பர்க் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அரங்கத்து வாசகன் (ஸ்ரீரங்கம்) எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, வைஷ்ணவக் குடும்பம். உள்ளே வரலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இதே வழக்கு எங்கள் ஊரிலும் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் விழும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். பகவானின் அருளுக்கு நம் பிடி வேண்டுமா, வேண்டாமா என்பதில் எங்கள் வைஷ்ணவத்தின் இரண்டு பிரிவுகளில் வடகலை முதலாவதையும் தென்கலை இரண்டாவதையும் சொல்லும்.

சகோதரி, உங்கள் அம்மா குரங்குக்குட்டியாகவே வாழ்ந்திருக்கிறார். கை எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தாய் ஏற்கெனவே கவ்விக்கொண்டிருக்கிறாள் என்று அவரிடம் சொல்ல அந்த இடத்தில் யாருமே இல்லையா?

நாகை கடலோரம் எழுதியது:

சுருக்கமாக. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் இரண்டாவது பிள்ளையை அலை கொண்டுபோனது. நான்கைந்து நாள் கழித்து முகாமுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், இது பாவத்துக்கு வந்த தண்டனை, மனம் திரும்புங்கள் என்று அக்கா முன்னால் நின்று சொன்னார். அதே முகாமில் பெயர் தெரியாத ஒரு பாட்டி, எந்த மதம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது, அக்காவின் தலையில் ஒட்டியிருந்த சேற்றை மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டு எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா இன்றும் சர்ச்சுக்குப் போகிறார் என்றால் அந்தப் பாட்டியின் கையால்தான்.

பொறையார் வாத்தியார் எழுதியது:

மன்னார்குடித் தம்பி எழுதியது என் மனதில் நின்றுவிட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் அம்மா முன்வரிசைக்கு வந்ததும், காவேரிமகளின் அம்மா தலைக்கு மேல் தட்டு போனதும் ஒரே சட்டத்தால். அப்படியென்றால் இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட வேறொன்றைக் கேட்க வேண்டும்.

கலாத்தியர் நிருபத்தைக் கிருபைக்கும் நியாயப்பிரமாணத்துக்கும், அதாவது மோசேயின் சட்டத்துக்கும், நடந்த தத்துவச் சண்டை என்றுதான் நாங்கள் படித்தோம். இரண்டாம் அதிகாரத்தில் பவுல் பேதுருவை எல்லோர் முன்பும் நேருக்கு நேர் கண்டித்தது எதற்கு என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு! அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து "விலகிப் பிரிந்தான்" என்று எழுதியிருக்கிறது. இலையிலிருந்து எழுந்து போய்விட்டார். பவுல் கொதித்துப்போகிறார். அந்தப் பந்தியில்தான், "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்ற பெரிய வாக்கியம் வருகிறது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? தனிப்பந்தியும் தனிக்குவளையும் நாம் பார்க்காததா?

எங்கள் வீட்டுக் குறையையும் சொல்கிறேன். ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். கிருபை ஒன்றே போதும் என்ற லூதரின் பாடத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். நான் அந்தப் பரம்பரையில் பெருமைப்படுகிறவன். ஆனால் அதே நூற்றாண்டில் அதே சபைகளில் சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார வைத்தார்கள். இராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார், குருப்பட்டம் இல்லாமல் போதிப்பவர். தஞ்சை மன்னர் படையில் இருந்தவர், பறையர். அடியும் மிரட்டலும் வாங்கி ஊர் ஊராகச் சொல்லிப் பல பேரைச் சேர்த்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை அப்பம் வாங்க மாட்டார்கள் என்று கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். கடைசி வரை உபதேசியாராகவே இறந்தார். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணை அனுப்பியபோது தஞ்சாவூரில் சபையை விட்டே வெளியேறினவர்கள் பலர்.

இராஜநாயக்கனின் கையும் காவேரிமகளின் அம்மா கையும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஒருவர் கொடுக்கக் கூடாது, இன்னொருவர் வாங்கக் கூடாது. எங்கள் பக்கம் வாயில் கிருபை இருந்தது, பந்தியில் இல்லை. ஆகவே தம்பி, உங்கள் சபைச் சட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒரு சட்டம் ஒருவரைப் பந்திக்குக் கூட்டி வருகிறதா, பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிறதா என்று ஒவ்வொரு ஞாயிறும் நாம் பார்க்க வேண்டும். நேற்று கூட்டி வந்தது இன்று எழுப்பிவிடலாம்.

கும்பகோணம் மாணவன் எழுதியது:

ஐயா, பேதுரு சாப்பாட்டில் எழுந்து போனதை நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. இன்றைக்கு இரண்டாம் அதிகாரம் முழுக்கப் படித்தேன். நன்றி.

காவேரிமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது.

மன்னார்குடித் தம்பிக்கு முதலில். உங்கள் பதிவைப் படித்தபோது கோபம்தான் வந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போது உங்கள் அம்மா முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நிற்பது மனதில் வந்தது. எங்கள் அம்மாவும் முதல் வருடம் அந்தக் கொட்டகைக்கு ஓடி ஓடிப் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அங்கே அவரை "ஏ பிள்ளை" என்று கூப்பிட யாரும் இல்லை, "சிஸ்டர்" என்றார்கள். நான் அதை மறந்தே போயிருந்தேன். அப்பாவுக்காக ராத்திரி கண் விழித்தவர்களும் அவர்கள்தான். அந்த நாலு பேரையும் இத்தனை வருடம் நான் கசப்பாகவே நினைத்துவிட்டேன், அது தப்பு.

ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. "திரும்பிப் போறதுக்கா?" என்று கேட்டது அன்பு இல்லை. அம்மா எதற்காகக் குச்சி செருகினார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியும். அந்தத் தோடு எனக்கு வர வேண்டியது. எனக்குக் கொடுக்கும் வரை தன் காதிலிருந்து அதை முழுக்க விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்து ஐயா கேட்டதற்குப் பதில்: சொல்ல யாரும் இல்லை ஐயா. நானாவது சொல்லியிருக்கலாம், எனக்கே அப்போது தெரியாது.

மகளிடம் பேசினேன். கோபம் வராது என்று இந்தத் தடவை சொல்ல முடிந்தது. "அப்ப ஏன் பாட்டி வெக்கல?" என்று கேட்டாள். பாட்டியின் கதை முழுக்கச் சொன்னேன், நல்லதையும் விடாமல். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அன்றைக்கு முல்லையைத் தலையில் வைக்காமல் பாட்டி படத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள். மறுநாள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

ஒரு சாட்சி (மன்னார்குடி) எழுதியது:

சிஸ்டர், நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சபையில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் கணவன் வீட்டுக் கட்டாயத்தில் நகை போட்டு வந்தாள் என்று பின்னால் உட்காரச் சொன்னோம். "சொன்னோம்" என்றுதான் எழுத வேண்டும், நானும் அங்கே இருந்தேன். பின்வரிசையிலிருந்து முன்னால் வந்த ஒருவரின் மகன் நான், இன்னொருத்தியைப் பின்னால் அனுப்பியபோது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன அந்தியோகியா எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்தச் சகோதரி இப்போது எங்கும் போவதில்லை என்று கேள்வி. இந்த வாரம் என் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போகப் போகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, மன்னிப்புக் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். நான் நகை போட மாட்டேன், என் வீட்டிலும் போட மாட்டார்கள். அது எங்களுக்கு ஆண்டவருக்கு நன்றியாகச் செய்வது. அதை இன்னொருவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

உங்கள் முதல் பதிவை நேற்று ராத்திரி எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்திரண்டு வயது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். கையைப் பிடித்து, "அந்த அம்மாவுக்கு அதுக்கப்புறம் யாராவது அப்பம் குடுத்தாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

காவேரிமகள் எழுதியது:

தம்பி, ஆறு மாதம் கழித்து சபையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எப்போதும் வாங்குவார், ஆனால் வாங்கும்போது கை நடுங்கும்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். குச்சியை எடுத்த மறுநாள் காலை, பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலும் ரொட்டியும் தனக்கு இறங்கவில்லை என்று ரொட்டியை எங்கள் பக்கம் நீட்டினார். முஸ்லிம் வீட்டு அம்மா. எங்கள் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி, உதடு அசைய ஜெபித்தார். முதல்முறையாகக் கை நடுங்கவில்லை. நான் சாதாரணமாகச் சாப்பாட்டு ஜெபம் என்று நினைத்துக்கொண்டு பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ரொட்டியைப் பிய்த்தார். ஒரு துண்டை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார், ஒன்றை என்னிடம் நீட்டினார். "எனக்கு வேண்டாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்றேன். கையை இறக்கவே இல்லை. வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் துண்டை வாயில் வைத்தார்.